வாசலில் பத்தடி

அத்தியாயம் பதினான்கு

கனகேஸ்வரி கையெழுத்து வைத்து இன்றைக்கு ஒன்பது நாள். அது அவளுக்குத் தெரியும். கடதாசியை வாங்கிக்கொண்டு போன கம்பனிக்காரன் சஜீத்துக்குத் தெரியும். போன கிழமை இந்தப் பக்கத்தை வாசித்தவர்களுக்குத் தெரியும். நாற்பத்தொரு வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற சிவபாதசுந்தரத்துக்குத்தான் தெரியாது.

அவர் விடியவே எழும்பி முகச்சவரம் செய்துவிட்டார். குளியலறைக்குள் இருந்து ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது. அவருடைய சட்டையை அயன் பண்ணிக்கொண்டு நின்ற கனகேஸ்வரி கையை நிறுத்திக் கேட்டாள். நில அளவையாளர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பத்து வருடத்தில் அவர் பாடி அவள் கேட்டதில்லை.

இந்த ஆறு மாதத்தில்தான் மனுசன் மாறியிருந்தார். மில்டன் லேனின் நடுவில் இருந்த பழைய பங்களாவை ஒரு கட்டடக் கம்பனி வாங்கி, பன்னிரண்டு மாடி எழும்பப் போகிறதென்று படம் போட்ட பலகையை நட்ட நாளில் இருந்து.

வெள்ளவத்தையில் காலி வீதியில் தொடங்கிக் கடலைப் பார்த்துப் போகும் எத்தனையோ லேன்களில் அதுவும் ஒன்று. அகலம் இருபது அடி. இருபதடி லேனில் நாலு மாடிக்கு மேல் கட்ட இதுவரை விதி இடம் கொடுக்கவில்லை. இப்போது விதியைத் திருத்தப் போகிறார்கள். லேன் தொடங்கும் இடத்தில் முப்பது அடி இருந்தால் போதுமாம். உள்ளே எவ்வளவு ஒடுங்கினாலும் பன்னிரண்டு மாடி வரை போகலாமாம்.

லேன் தொடங்கும் இடத்தில் ஒரு பக்கம் வங்கிக் கட்டடம். அதை அசைக்க முடியாது. மறுபக்கம் மூன்றாம் இலக்க வீடு, கனகேஸ்வரியின் சீதன வீடு. மதிலில் இருந்து பத்தடி அவள் விட்டுக்கொடுத்தால் கம்பனிக்குப் பாதை கிடைத்துவிடும். பதிலாக ஒன்பதாம் மாடியில் கடல் தெரிகிற ஒரு வீடு.

அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள். திருத்தத்தை எதிர்க்கிற நாற்பத்தொரு வீட்டுக் குழுவுக்குத் தலைவர் அவளுடைய கணவர். இன்றைக்குத்தான் அந்தத் திருத்தம் பற்றிய விசாரணைக் கூட்டம்.

"இஞ்சாருங்கோ," என்றாள், சட்டையை நீட்டிக்கொண்டே.

"என்ன?"

"இண்டைக்கு அவை என்ன சொன்னாலும் கோவப்படாதேங்கோ. பிரஷர் கூடும்."

அதைச் சொல்ல அவள் கூப்பிடவில்லை.

"கோவம் ஏன்? அளவு என்ர கையில இருக்கு." அவர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். "அளவோட ஆரும் சண்டை பிடிக்கேலாது, கனகு."

காலைச் சாப்பாட்டின்போது இன்னொருதரம் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஜீவராணி இடியப்பப் பெட்டியோடு கேற்றடியில் நின்றாள்.

ஜீவராணி இருப்பது லேனின் கடைசி அந்தலையில், ரயில் பாதையோரத்துத் தோட்டத்தில். பெயர்தான் தோட்டம். மரம் ஒன்றும் கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய பதினொரு சின்ன வீடுகள். ஹட்டன் பக்கத்தில் இருந்து இருபது வருடத்துக்கு முதல் புருசனோடு வந்து, ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். புருசன் வேலுசாமி மூட்டை தூக்கும் வேலை. போன பங்குனியில் அவனுக்கு நெஞ்சுக்குத்து வந்தபோது, பக்கத்து லேன் கட்டடத்துக்குச் சீமெந்து கலவை கொண்டுவந்த லொறி இந்த லேனின் வாசலை அடைத்து நின்றது. அம்புலன்ஸ் காலி வீதியிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதில் ஒருவர் எழுபது வயதுச் சிவபாதசுந்தரம். வேலுசாமி பிழைத்துக்கொண்டான். இடது கைதான் இன்னும் தூக்க முடியாது.

"ஐயா, நானும் இன்னைக்கு வரவா? எனக்குக் கூட்டத்துல பேசத் தெரியாதுங்க."

"கட்டாயம் வாங்கோ. பேசத் தேவையில்லை, வந்து இருந்தால் காணும்."

ஜீவராணி கனகேஸ்வரியைப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சரம்மா பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்."

கனகேஸ்வரி இடியப்பத்தைத் தட்டுக்கு மாற்றிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். சொல்ல வந்தது திரும்பவும் உள்ளே போய்விட்டது.

மூன்றாவது தரம் கேற்றடியில். ஓட்டோ வந்து நின்றுவிட்டது. சிவபாதசுந்தரம் சுருட்டிய வரைபடத்தைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தபடி ஏறினார். அந்த வரைபடத்தை மகள் ரூபிகாதான் தான் வேலை செய்கிற பம்பலப்பிட்டி அச்சகத்தில் பெரிதாக அடித்துக் கொண்டுவந்தவள். அவளும் இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

"அப்பா முன்னுக்குப் போகட்டும், நாங்கள் பின்னால போவம்," என்றாள் ரூபிகா.

ஓட்டோ காலி வீதிக்குத் திரும்பிவிட்டது. கனகேஸ்வரி தூக்கிய கையை இறக்கினாள்.

*

ஏன் கையெழுத்து வைத்தாள் என்று கேட்டால், ஒரு தொலைபேசி அழைப்பைத்தான் அவளால் சொல்ல முடியும்.

மகன் அபிஷன் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். போய்ப் பதினேழு வருடம். போகும்போது வயது இருபத்தொன்று. கூடப் படித்தவனைப் பாமன்கடைச் சந்தியில் வெள்ளை வானில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போன ஐந்தாம் நாள், இவனைக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோய் விமானம் ஏற்றியவர் சிவபாதசுந்தரம். அதன் பிறகு அவன் வரவில்லை. இவர்கள் போக இரண்டு தரம் விசா கேட்டு இரண்டு தரமும் இல்லையென்று வந்தது. அங்கே கல்யாணம் கட்டினான். அதுவும் மூன்று வருடத்தில் முடிந்தது. இப்போது ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் தனியே இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள், சொல்லுவான். குளிரோ என்று கேட்பாள், ஓம் என்பான். ஒருக்கா வாவன் அப்பு என்பாள், பாப்பம் என்பான். பதினேழு வருடத்து ஞாயிறுகள் இப்படித்தான் போயின.

ஒரு மாதத்துக்கு முதல் அவன் பாப்பம் என்று சொல்லவில்லை.

"வந்து எங்க அம்மா இருக்கிறது? எனக்கெண்டு அங்க ஒரு இடம் இருக்கோ?"

அவ்வளவுதான். பிறகு வேறு கதைக்குப் போய்விட்டான். ஆனால் கனகேஸ்வரி அன்றைக்கு முழுவதும் அந்த ஒரு வசனத்தைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தாள். பதினாலாம் நாள் சஜீத் படங்களோடு வந்து, ஒன்பதாம் மாடி, இரண்டு அறை, பால்கனியில் நின்றால் கடல் என்று காட்டியபோது, அவளுக்குக் கடல் தெரியவில்லை. பால்கனியில் சாரம் கட்டிக்கொண்டு நின்று தேத்தண்ணி குடிக்கிற ஒருத்தன்தான் தெரிந்தான்.

*

பாமன்கடைச் சனசமூக மண்டபத்தில் பத்து மணிக்கே கதிரைகள் நிரம்பிவிட்டன. மேடையில் திட்டமிடல் அதிகாரி, நடுவயதுச் சிங்களப் பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் உத்தியோகத்தர். இடதுபக்கம் கம்பனியின் சட்டத்தரணி. வலதுபக்கம் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு சிவபாதசுந்தரம்.

கனகேஸ்வரியை மூன்றாம் வரிசையில் ஜீவராணியின் பக்கத்தில் இருத்திவிட்டு, ரூபிகா தண்ணீர்ப் போத்தல் வாங்க வெளியே வந்தாள். வாசலில் சஜீத் நின்றான். கம்பனியின் காணிப் பகுதியில் வேலை. கிராண்ட்பாஸ் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும், எப்போது கண்டாலும் மரியாதையாகத் தலையசைப்பான். இன்றைக்கு அவன் கண்ணைத் தாழ்த்தினான்.

"அம்மா ஒங்களுக்குச் சொல்லல்லயா மிஸ்?"

"என்னத்தை?"

"அவங்க கன்சன்ட் தந்திட்டாங்க. ஒன்பது நாளாகுது. இன்னைக்கு உள்ளுக்கு அதத்தான் வாசிக்கப் போறாங்க." அவன் சங்கடத்தோடு கழுத்தைத் தடவினான். "ஐயாவுக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன். அல்லாட காவல், தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தா வந்தே சொல்லியிருப்பேன்."

ரூபிகா தண்ணீர்ப் போத்தலை மறந்து திரும்பி ஓடினாள். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். பின்பக்கத்தால் சுற்றி உள்ளே வந்தபோது சட்டத்தரணி எழும்பி நின்றார்.

"லேன் வாயிலில் தேவைப்படும் பத்தடி ஏற்கெனவே உறுதியாகிவிட்டது," என்றார் சிங்களத்தில். "மூன்றாம் இலக்க வீட்டின் உரிமையாளர் எழுத்துமூலம் சம்மதம் தந்திருக்கிறார்."

சிவபாதசுந்தரம் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "மெடம், எங்கேயோ பிழை நடந்திருக்கிறது. மூன்றாம் இலக்கம் என்னுடைய வீடு."

அதிகாரி கடதாசியைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். "க-ன-கே-ஸ்வரி சிவபாதசுந்தரம். அப்படியொருவர் இருக்கிறாரா?"

கடதாசி சிவபாதசுந்தரத்தின் கைக்கு வந்தது. தமிழில் வைத்த கையெழுத்து. முதல் எழுத்தின் வால் கொஞ்சம் நீண்டு கீழே இறங்கியிருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகளில் அவள் வைத்த அதே கையெழுத்து. அவர் அதை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லுவார்.

அவர் நிமிர்ந்து மூன்றாம் வரிசையைப் பார்த்தார். கனகேஸ்வரி அவரைப் பார்த்தபடிதான் இருந்தாள். தலையைக் குனியவில்லை.

மண்டபத்தில் கசமுசா எழும்பியது. "எல்லாம் முதலே கதைச்சுத்தான் வந்திருக்கினம்," என்று பின்வரிசையில் யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"உங்கள் ஆட்சேபனையை விலக்கிக்கொள்கிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

சிவபாதசுந்தரம் சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்தார். நாற்பத்தொரு பேரின் பட்டியலில் முதலாவதாக இருந்த தன்னுடைய பெயரின் மேல், அடிமட்டம் வைத்து நேர்கோடு ஒன்று இழுத்தார். பிறகு எழும்பினார். முதலில் சிங்களத்தில் சொன்னார். அதையே லேன் ஆட்களுக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"வீடு என்ர மனுசியின்ர. உறுதி அவவின்ர பேரில. கையெழுத்து வைக்க அவவுக்கு உரிமை இருக்கு. அதைப் பிழையெண்டு நான் சொல்ல மாட்டன். இனி நாற்பது வீடு இருக்கு. அவைக்காக வாசிக்கிறன்."

வாசித்தார். இருபதடி இரண்டு அங்குலம் என்று தொடங்கி ஒவ்வோர் அளவாக வாசித்தார். வாசலை மட்டும் அகட்டினால் உள்ளுக்குள் எந்தெந்த இடத்தில் தீயணைப்பு வண்டி திரும்பாது என்று வரைபடத்தில் தொட்டுக் காட்டினார். மழைநீர் ஓடும் கானின் ஆழத்தைச் சொன்னார். குரல் ஒரு தரமும் உடையவில்லை. ஒரு தாளைப் புரட்டத்தான் மூன்று தரம் முயன்றார். ரூபிகா போய்ப் பக்கத்தில் நின்று, மிச்சத் தாள்களை அவள் புரட்டினாள்.

அவர் வாசித்து முடித்து உட்கார்ந்ததும், யாரும் கூப்பிடாமலே ஜீவராணி எழும்பினாள்.

"எனக்கு அடி அங்குலமெல்லாம் தெரியாதுங்க," என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. "பங்குனி மாசம் கலவை லொறி லேனை மறிச்சு நின்னு, எங்க வீட்டுக்காரரைக் கதிரையில வச்சுத் தூக்கிட்டு ஓடுனாங்க. லேன் முச்சூடும் ஓடுனாங்க. வழியில அவரு என்னப் பாத்து, போதும் எறக்கி வச்சிருங்கன்னு சொன்னாரு. நான் எறக்க விடல." அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "எங்க தோட்டத்துல வயசான ஆளுங்க ஒம்பது பேரு இருக்காங்க. பன்னெண்டு மாடி கட்டுனா தினம் லொறி நிக்கும். ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு ஓட ஆளு இருக்குமான்னு மட்டும் கேட்டு எழுதிக்கங்க, மேடம்."

மொழிபெயர்ப்பவர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தபோது அதிகாரி எழுதுவதை நிறுத்தியிருந்தார். சட்டத்தரணி ஏதோ சொல்ல எழும்பினார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

மற்ற வீட்டுக்காரர்களையும் கேட்டு முடித்துக் கடைசியில் அதிகாரி அறிவித்தது இதுதான். திருத்தத்துக்குச் சிபாரிசு செய்வதா இல்லையா என்பதை இன்றைக்கு முடிவு செய்ய முடியாது. மூன்றாம் இலக்க உரிமையாளர் பதினாலு நாளுக்குள் நேரில் வந்து சம்மதத்தை உறுதிப்படுத்த வேண்டும், அல்லது விலக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான படிவத்தை உத்தியோகத்தர் மூன்றாம் வரிசைக்கே கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் பார்த்திருக்கக் கனகேஸ்வரி அதை வாங்கினாள்.

*

கூட்டம் முடியப் பின்னேரம் மூன்றரை மணி. வெளியே வெயில் இன்னும் கொளுத்தியது. லேன் ஆட்கள் கும்பலாக நின்றார்கள். கனகேஸ்வரி படியிறங்கியதும் கும்பல் மெல்ல விலகியது, பேச்சு நின்றது. இத்தனை வருடம் டீச்சர் டீச்சர் என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள்.

சிவபாதசுந்தரம் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், நடந்தே போய்விட்டார்.

ஜீவராணிதான் கிட்ட வந்தாள்.

"டீச்சரம்மா, தம்பி வருதா?"

கனகேஸ்வரி திரும்பினாள். "உனக்கு ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல. வேற எதுக்கு நீங்க கையெழுத்து வைக்கப் போறீங்க?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். "வாறன் எண்டு சொல்லேல்ல, ஜீவராணி. இடம் இருந்தால் வருவான் எண்டு நான் நினைக்கிறன்."

ஜீவராணி தலையை ஆட்டினாள். "எங்க மக மேனகா குவைத்துக்குப் போயி ஆறு வருசம். வந்தா இந்தத் தோட்டத்து வீட்டுக்குத்தான் வரணும். அவளுக்கு வேற எடம் தெரியாதுங்க." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நீங்க தப்புப் பண்ணிட்டீங்கன்னு சொல்ல வரல. சொல்லணும்னு தோணுச்சு."

தாயும் மகளும் ஓட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் வாகனங்கள் நெரிந்து நின்றபோதுதான் ரூபிகா வாயைத் திறந்தாள்.

"அண்ணா எங்க இருப்பார் எண்டு யோசிச்சியள். சரி. நான் எங்க இருப்பன் எண்டு ஒருக்கா யோசிச்சியளோ அம்மா?"

"உனக்கென்ன பிள்ளை, நீ எங்களோடதானே..."

"அதைத்தான் கேக்கிறன். உங்களுக்கு அம்மம்மா தந்த வீடு. எனக்குத் தாறதெண்டு நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க இருந்து சொல்லிக்கொண்டு வந்தனீங்கள். முப்பத்துநாலு வயசாகுது, எனக்கு ஒரு கலியாணமும் சரிவரேல்ல எண்டதாலயோ ஆரும் என்னைக் கேக்கிறேல்ல?"

"ரூபி..."

"பக்கத்திலயே இருக்கிற ஆளை ஆருக்கும் தேடத் தேவையில்லைத்தானே."

ஓட்டோ நகர்ந்தது. கனகேஸ்வரி மகளின் கையைப் பிடிக்கப் போனாள். ரூபிகா அந்தக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வந்தபோது சிவபாதசுந்தரம் முற்றத்தில் குந்தியிருந்தார். அளவுநாடாவின் ஒரு நுனியை மதிலடியில் கல்லை வைத்து அழுத்தி, மறுநுனியை வீட்டுப்பக்கம் இழுத்துவிட்டிருந்தார். பூமரங்களைத் தாண்டி, விறாந்தைப் படியைத் தாண்டி, முன் அறைச் சன்னலுக்குள்ளே போய் நின்றது நாடா.

"பத்தடி இஞ்ச வருது," என்றார், திரும்பாமலே. "அவன்ர அறையில பாதி போகும். கட்டில் கிடக்கிற பக்கம்."

"தெரியும்."

அவர் திரும்பினார்.

"நானும் கணக்குப் படிப்பிச்சவள்தானே. அண்டைக்கே அடியளந்து பாத்தனான்." கனகேஸ்வரி படியில் உட்கார்ந்தாள். "பதினேழு வருஷமா அந்த அறையைக் கூட்டுறன். கட்டிலுக்குத் துணி மாத்துறன். ஆரும் படுக்காத துணியை எடுத்துத் தோய்க்கிறன். அறை பாத்தது எனக்குக் காணும். எனக்கு ஆள் வேணும்."

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது.

"எனக்கு நீர் சொல்லியிருக்கலாம்."

"சொல்ல வந்தனான். இண்டைக்கு மட்டும் மூண்டு தரம் வந்தனான். நீங்கள் பாடிக்கொண்டு நிண்டியள். எனக்கு வாய் வரேல்ல."

அவர் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டார்.

"எனக்கு மட்டும் அவன்ர யோசனை இல்லையெண்டு நினைச்சீரோ?"

"நினைக்கேல்ல. ஆனால் ஒண்டு கேக்கிறன்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எயாப்போட்டில அண்டைக்கு அவனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் நாடாவின் மிச்சத்தைச் சுருட்டினார்.

"நான் பக்கத்தில நிண்டனான். நான் சொல்லும்வரைக்கும் இஞ்ச வரப்படாது எண்டு சொன்னியள். அவன் ஓம் அப்பா எண்டான். பிறகு சண்டையெல்லாம் முடிஞ்சுது. அவனுக்குக் கனடாச் சிற்றிசனும் கிடைச்சுது. அவனோட படிச்சவை எத்தினை பேர் வந்து போகினம். நான் வாவெண்டு ஆயிரம் தரம் சொல்லியிருப்பன். நீங்கள் ஒருக்கா சொன்னியளோ?"

"பயம் இருந்தது."

"எத்தினை வருஷத்துக்கு?"

அவர் அளவுநாடாவைப் படியில் வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முதல் அஞ்சாறு வருஷம் அந்தப் பயம்தான். பிறகு வேற பயம்." குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "நான் வாவெண்டு கேட்டு, அவன் வரேல்லையெண்டால் என்ன செய்யிறது கனகு? கேக்காமல் விட்டால், நான் சொல்லாதபடியால்தான் அவன் வரேல்ல எண்டு இருந்திடலாம். அது பரவாயில்லை. அதோட இருந்து பழகிட்டன்."

கனகேஸ்வரி அவரைப் பார்த்தாள். இந்த மனுசன் ஒவ்வொரு நாள் பின்னேரமும் கடற்கரை ஸ்டேசன் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வருவதை, உடம்புக்கு நல்லதென்று டொக்டர் சொன்னபடியால் என்றுதான் அவள் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தாள். ரயிலில் வந்திறங்குகிறவர்களைப் பார்க்கத்தான் போயிருக்கிறார்.

அறைக்குள் இருந்து ரூபிகா வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய தொலைபேசியில் இலக்கத்தை அழுத்தி, தகப்பனுடைய கையில் வைத்தாள்.

"அங்க இப்ப விடிய ஏழு மணி. வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிப்பார்."

"இப்பவோ?"

"இப்பத்தான் அப்பா."

நாலு தரம் அடித்தது.

"ரூபி? என்ன இந்த நேரத்தில?"

"நான் அப்பா."

மறுபக்கத்தில் குரல் பதறியது. "என்னப்பா? அம்மாவுக்கு ஏதுமோ?"

"இல்லையில்லை. அம்மா இஞ்ச பக்கத்தில இருக்கிறா. எல்லாரும் சுகம்." அவர் தொண்டையைச் செருமினார். மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நடுங்காத குரல் இப்போது நடுங்கியது. "அபிஷன், எயாப்போட்டில வைச்சு நான் உனக்கு ஒண்டு சொன்னனான். ஞாபகம் இருக்கோ?"

பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"இருக்கு அப்பா."

"அதை இனிப் பாக்கத் தேவையில்லை. பிந்திட்டுது. முந்தியே சொல்லியிருக்க வேணும், நான் சொல்லேல்ல. பிழை என்னில." அவர் மூச்சை உள்ளே இழுத்தார். "வா, ராசா."

மறுபக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்று, கதவு திறந்து, மூடி, போய்விட்டது. அவன் ஏறவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குளிராகவும் இருக்கலாம்.

"அப்பா."

"சொல்லு."

"எந்த வீட்டுக்கு வர?"

சிவபாதசுந்தரம் மனைவியின் பக்கம் திரும்பினார். மண்டபத்தில் கொடுத்த படிவம் கனகேஸ்வரியின் மடியில் நாலாக மடித்தபடி கிடந்தது. ரூபிகா தூணில் சாய்ந்து நின்று தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை அம்மா சொல்லுவா," என்றார் அவர். தொலைபேசியை மனைவியிடம் நீட்டினார்.

கனகேஸ்வரி ஒரு கையால் படிவத்தை அமர்த்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அதை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா?" என்றான் அபிஷன்.

(தொடரும்)